தெரியும், ஆனால் முடியவில்லை: கவனக்குறைவும் மொழியும் அன்றாட வாழ்வும்



இவ்வுரை எடுத்துக்கொண்ட பொருள் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கிச் சொல்லும் நிலை. அந்நிலைக்கும் மொழிக்கும் உள்ள உறவு. அவ்விரண்டும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் இந்தத் தொழிற்பேட்டைகளின் அன்றாட வாழ்வில் வந்து சேரும் இடம். பொருள் மூன்றாகத் தோன்றினாலும் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். அந்தச் செய்தி மூன்று தமிழ்ச் சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. ‘தெரியவில்லை’ என்பது முதற்சொல். ‘முடியவில்லை’ என்பது இரண்டாம் சொல். ‘மாட்டேன்’ என்பது மூன்றாம் சொல்.

தெரியவில்லை என்பவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாட்டேன் என்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். முடியவில்லை என்பவருக்குக் கைகொடுக்க வேண்டும். சொல் மூன்று, அவற்றுக்கு உரிய வழியும் மூன்று. ஆனால் இரண்டாம் சொல்லைச் சொல்லும் பிள்ளை மூன்றாம் சொல்லைச் சொன்னதாகவே ஊர் காதில் விழுகிறது. ‘உட்கார முடியவில்லை’ என்று உடம்பு சொல்கிறது. ‘உட்கார மாட்டேங்கிறான்’ என்று வீடு சொல்கிறது. ‘அடங்காதவன்’ என்று பள்ளிக்கூடம் முடிவு கட்டுகிறது. முடியாமை மறுப்பாகத் திரிந்து கேட்கும் அந்த இடத்தில்தான், ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவரின் வாழ்க்கையில் பாதித் துன்பம் தொடங்குகிறது.

அந்த நிலையின் இலக்கணம் என்ன? ஏ.டி.எச்.டி. என்பது மூளை வளர்ந்துவரும் போக்கில் அமையும் ஒரு வேறுபாடு. அதற்கு மூன்று முகங்கள் உண்டு: கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம்வரை நிறுத்திவைக்க இயலாமை ஒன்று; வயதுக்கு மீறிய ஓயாத அசைவு மற்றொன்று; எண்ணிப் பார்க்கும் முன்பே செய்துவிடும் அவசரம் மூன்றாவது. சிலரிடம் முதல் முகம் மட்டுமே தெரியும், சிலரிடம் பின்னிரண்டு, பலரிடம் மூன்றும் கலந்திருக்கும். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், அசைவுக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளையும் வகுத்திருக்கிறது. பிள்ளைகளிடம் ஏதேனும் ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு, 17 வயதை எட்டியவர்களிடம் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவை ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என ஓரிடத்துக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். அவற்றால் வாழ்க்கை உண்மையாகவே தடைபட்டிருக்க வேண்டும்.

இத்தனை நிபந்தனைகள் எதற்கு? துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் ஒரு பெயர் சூட்டிவிடக் கூடாது என்பதற்காக. அதேபோல, உண்மையில் தவிக்கும் பிள்ளையைச் ‘சுட்டி’ என்று சிரித்து அனுப்பிவிடவும் கூடாது என்பதற்காக. உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேரிடமும், வளர்ந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடமும் இந்நிலை காணப்படுவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு 11.32 விழுக்காடு என்று கணக்கிட்டது. எந்த அளவுகோல், யார் நிரப்பிய படிவம் என்பதைப் பொறுத்து எண்கள் கூடும், குறையும். எண் எதுவானாலும், நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பறையில் ஓரிருவரேனும் இப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே ஆசிரியர் உள்ளே நுழைய வேண்டும்.

இது யார் செய்த குற்றம்? தாய் கொடுத்த செல்லமா? தந்தை அடிக்காத குறையா? இரண்டும் இல்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், இந்நிலையில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 74 பங்கு மரபுவழி வருவது என்று கூறுகின்றன. உயரம் குடும்பத்தில் வழிவழியாக வருவதுபோல இதுவும் வருகிறது. பிள்ளையை அழைத்துவந்த தந்தை, மருத்துவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருந்து, ‘சின்ன வயசுல நானும் இப்படித்தான் சார் இருந்தேன்’ என்று முடிப்பது மனநல மருத்துவ அறைகளில் மிகவும் பழகிப்போன காட்சி.

இங்கே எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. ‘செல்போனை மட்டும் மணிக்கணக்கா அசையாம பார்க்கிறானே, அப்ப கவனம் எங்கிருந்து வருது?’ நியாயமான கேள்விதான். இந்நிலைக்கு இட்ட பெயரே இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. கவனம் இல்லாமை இங்கே சிக்கல் இல்லை. கவனத்தை விரும்பிய பக்கம் திருப்பும் பிடி தளர்ந்திருப்பதே சிக்கல். புதுமையும் ஒளியும் உடனடிப் பரிசும் உள்ள இடத்துக்குக் கவனம் தானாக ஓடுகிறது. பரிசு அடுத்த மாதம் வரும் இடத்துக்கு, அதாவது கணக்குப் பாடத்துக்கும் வங்கிப் படிவத்துக்கும், அதை இழுத்துவர வேண்டியிருக்கிறது. இழுத்துவரும் கயிறு வலுவில்லாதபோது, ஓடும் குதிரையைக் காட்டி ‘ஓடத் தெரிந்த குதிரைதானே’ என்று கேட்பதில் பயன் உண்டா?

அந்தக் கயிறு எதனால் திரிக்கப்படுகிறது? இக்கேள்வியில்தான் மொழி உள்ளே வருகிறது. அதற்கு முன் செயல்நினைவு என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டிய செய்திகளை மனத்தில் ஏந்தி வைத்திருக்கும் ஆற்றலே செயல்நினைவு. தமிழருக்கு இதை விளக்கக் கவனகக் கலையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா அரங்கில் நூறு செய்திகளை ஒருங்கே மனத்தில் ஏந்திச் சதாவதானம் நிகழ்த்தினார். கேட்ட ஈற்றடிக்குப் பாட்டு முடித்து, கேட்ட ஐயத்துக்கு விடை சொல்லி, இடையிடையே ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டு, இறுதியில் ஒன்றும் சிந்தாமல் ஒப்பிக்கும் கலை அது. அந்த அளவு ஏந்தும் கை ஊருக்கு ஒருவருக்கு வாய்க்கும். பெரும்பாலோருக்கு நான்கைந்து செய்திகளை ஏந்தும் கை வாய்த்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கோ இரண்டாவது செய்தி வந்து விழும்போதே முதலாவது நழுவிப் போகிறது. சதாவதானியை வியக்கத் தெரிந்த சமூகம், கையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

இனி மொழிக்கு வரலாம். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியின் புகழ்பெற்ற நூல் 1934இல் வெளிவந்தது. சிறு பிள்ளை விளையாடும்போது தனக்குத்தானே வாய்விட்டுப் பேசிக்கொள்வதை அவர் உற்றுநோக்கினார். ‘இதை இங்க வெக்கணும்… இல்ல, அது பெரிசு…’ என்று முணுமுணுக்கும் பிள்ளை, பெரியவர்கள் தனக்கு இட்ட கட்டளையைத் தானே தனக்கு இட்டுப் பழகுகிறது. நாளாக நாளாக அந்தப் பேச்சு முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, கடைசியில் ஒலியே இல்லாத உள்பேச்சாகிறது. ‘பொறு’, ‘முதலில் இதை முடி’, ‘கேஸை அணைத்தாயா?’ என்று வளர்ந்த மனிதருக்குள் ஒலிக்கும் குரல் அதுதான். கவனத்தை இழுத்துவரும் கயிறு சொற்களால் திரிக்கப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997இல் வெளியிட்ட கோட்பாட்டில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் உந்துதலை ஒரு கணம் நிறுத்திவைக்கும் ஆற்றல் தளர்ந்திருப்பதால், இந்தக் குரல் உள்ளே குடியேறுவதும் தாமதமாகிறது என்று வாதிட்டார். செய்ய வேண்டியது இன்னதென்று அவர்களுக்குத் தெரியும்; வேண்டிய கணத்தில் வேண்டிய சொல் உள்ளிருந்து ஒலிப்பதில்லை. எனவே, தெரியும், ஆனால் முடியவில்லை.

தமிழ் வீட்டில் பிள்ளைக்கு இடப்படும் கட்டளைகளை இந்த வெளிச்சத்தில் கேட்டுப் பாருங்கள். ‘மாடிக்குப் போயி, பையில இருந்து டிபன் பாக்ஸை எடுத்து, கழுவிக் கவுத்து வெச்சிட்டு, யூனிஃபார்மை ஊறப்போட்டுட்டு வா.’ அழகான தமிழ் வாக்கியம். போய், எடுத்து, கழுவி, வைத்து, ஊறப்போட்டு என்று எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு முற்று வினையில் முடிச்சுப் போடும் வளம் தமிழுக்கு உண்டு. ஆனால் கேட்பவர் அத்தனை எச்சங்களையும் கையில் ஏந்திக்கொண்டு முற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். ஏந்தும் கை சிறியதாக இருந்தால் நடப்பது என்ன? பிள்ளை மாடிக்குப் போகிறான். வெறுங்கையோடு இறங்கி வருகிறான். ‘எங்கடா டிபன் பாக்ஸ்?’ என்று அம்மா கேட்கிறார், அவன் விழிக்கிறான். கடைசியாகக் கேட்ட சொல் ‘வா’ என்பது. அதற்கு அவன் கீழ்ப்படிந்திருக்கிறான். கீழ்ப்படிந்த பிள்ளைக்குக் கிடைப்பதோ ‘சொன்ன பேச்சு கேக்க மாட்டான்’ என்ற பட்டம்.

இதற்கு மருந்து மொழிக்குள்ளேயே இருக்கிறது. எச்சங்களைப் பிரித்து முற்றுகளாக்கினால் போதும். ‘டிபன் பாக்ஸை எடுத்துட்டு வா கண்ணு.’ வந்ததும், ‘இப்போ கழுவு.’ கழுவியதும், ‘இப்போ யூனிஃபார்மை ஊறப்போடு.’ ஒரு மூச்சுக்கு ஒரு வேலை. அதுபோலவே, ‘அப்புறம்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அப்புறம் என்றால் எப்போது? ஐந்து நிமிடமா, நாளைக் காலையா? காலத்தின் அளவு எளிதில் பிடிபடாத ஒருவருக்கு, ‘அப்புறம் செய்’ என்பது ‘எப்போதும் செய்யாதே’ என்பதாகவே போய் முடிகிறது. தமிழில் அதற்கும் மாற்று உண்டு: ‘வந்ததும்’, ‘அடித்ததும்’, ‘முடிந்ததும்’. ‘பல் தேய்ச்சதும் மாத்திரை’, ‘பஸ் ஏறினதும் அம்மாவுக்கு போன்’ என்று ஒரு நிகழ்வின் வாலில் இன்னொன்றை முடிந்துவிடும் வடிவம் அது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை, ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் எளிய திட்டம் வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்று விளக்கியது, பின்னர் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடமும் அது பயன் தருவதாகக் காணப்பட்டது. உளவியல் ஆய்ந்து கண்டதை ஒரே ஒரு விகுதியில் வைத்திருக்கிறது தமிழ்.

சொல் உதவும் என்றால், சொல் சுடவும் சுடும். இந்நிலைக்கு இடப்பட்ட பெயர்களின் வரலாறே அதற்குச் சான்று. 1798இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் நிலைகொள்ளாத தன்மையைப் பற்றித் தம் நூலில் எழுதினார். 1902இல் லண்டனில், குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில் அது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாக விளக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூளையின் சிறு சேதம் என்றார்கள். 1968இல் மிகையசைவு எதிர்வினை என்றார்கள். 1980இல்தான் பெயருக்குள் கவனம் என்ற சொல் வந்தது. 1987இல் இன்றைய பெயர் அமைந்தது. ஒழுக்கம், சேதம், அசைவு, கவனம் என்று பெயர் நகர நகர, அந்தப் பிள்ளையைப் பார்க்கும் கண்ணும் நகர்ந்தது. மருத்துவம் 1902இல் நின்ற இடத்தைக் கடக்க எழுபது எண்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஊர்ப்பேச்சு இன்னும் கடந்ததா? சோம்பேறி, மக்கு, பொறுப்பத்தவன், வேடிக்கை பார்க்கிறவன், ‘கழுத்துல தலை நிக்குதே, அதுவே பெரிசு’. இந்தச் சொற்களைப் பத்து வயது வரை தினமும் கேட்ட பிள்ளைக்குள் குடியேறும் உள்பேச்சு எப்படி இருக்கும்? வெளியே கேட்ட குரல்தானே உள்ளே போகிறது? தனக்கு வழிகாட்ட வேண்டிய குரலே தன்னைத் திட்டும் குரலாக மாறிப்போன வளர்ந்தவர்களை மனநல ஆலோசகர்கள் அன்றாடம் சந்திக்கிறார்கள்.

அவையோரே, இந்த மண்ணுக்கு வருவோம். ஏரிப் பாசனமும் நெல் வயலும் சூழ்ந்திருந்த இந்தப் பகுதியின் முகம் ஒரே தலைமுறையில் மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை செல்போன்களை ஆக்கித் தள்ளியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதன்பின் டைம்லர் லாரிகளும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் இங்கிருந்தே புறப்பட்டன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மழையையும் மாட்டையும் பார்த்து நேரம் கணித்த தாத்தாவின் பேரன், இன்று நொடிக்கணக்கில் ஓடும் லைனில் நிற்கிறான். அவசரக் கால்களுக்கும் அலையும் கண்களுக்கும் காடும் கழனியும் ஓரளவு இடம் கொடுத்தன. லைன் அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. தாத்தாவிடம் இருந்தும் பெயர் பெறாத ஒரு குணம், பேரனிடம் வந்ததும் ‘ரிஜெக்‌ஷன்’ எண்ணிக்கையாகவும், மெமோவாகவும், விபத்தாகவும் வெளிப்படுகிறது.

ஆனால் ஆலையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆலைக்குள் ஒரு பேரறிவு இருக்கிறது. அதைத்தான் இந்த அவை கவனிக்க வேண்டும். ஜப்பானியத் தொழிற்பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961இல் யமாடா எலக்ட்ரிக் என்ற ஆலைக்குப் போனார். அங்கே ஒரு சிறு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் தவறு நிற்கவில்லை. ஷிங்கோ கண்ட வழி என்ன? ஒரு சிறு தட்டு. வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்குகளையும் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை மூடும்போது தட்டில் ஒன்று மிச்சம் இருந்தால், மறந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான். நினைவை மண்டைக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் அவர்.

அதைவிடப் பெரிய செயலொன்றையும் அவர் செய்தார். இவ்வகை ஏற்பாடுகளுக்கு அப்போது ‘பாக்கா-யோக்கே’ என்று பெயர். முட்டாளிடமிருந்து காப்பு என்பது அதன் பொருள். 1963இல் ஓர் ஆலையில் இந்தப் பெயரைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தாம் அத்தனை முட்டாளா என்று மனமுடைந்து அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரையே மாற்றினார். ‘பாக்கா’ போய் ‘போக்கா’ வந்தது. முட்டாள் போய்ப் பிசகு வந்தது. இன்று இந்த வட்டாரத்தின் ஆலைகளில் தொழிலாளர் வாயில் புழங்கும் ‘போக்கா-யோக்கே’ என்ற சொல்லுக்குள் அந்தப் பெண்ணின் கண்ணீர் இருக்கிறது. குற்றம் மனிதனிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்ற ஒப்புதல் இருக்கிறது. ஓர் எழுத்து மாறியதும் ஒரு மனிதரின் தலை நிமிர்ந்தது.

இன்னும் பாருங்கள். ஸ்பேனரும் டார்க் ரெஞ்சும் தொங்கும் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவமும் வரையப்பட்டிருக்கிறது; எது திரும்பி வரவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நேரே, செய்ய வேண்டிய படிகள் படத்தோடு ஒட்டப்பட்டிருக்கின்றன. ஜப்பானிய ரயில்வேயில் தோன்றி ஆலைகளுக்குப் பரவிய வழக்கத்தில், தொழிலாளி பொருளைக் கையால் சுட்டிக்காட்டி, ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்லியே அடுத்த படிக்குப் போகிறார். இந்திய ரயில் எஞ்சினிலும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். இவை எல்லாம் என்ன? உள்ளே ஒலிக்க வேண்டிய குரலைச் சுவரிலும், தட்டிலும், விளக்கிலும், வாயிலும் கொண்டுவந்து வைத்த ஏற்பாடுகள். வைகோட்ஸ்கி குழந்தையிடம் கண்ட வாய்விட்ட பேச்சை, வளர்ந்த மனிதரின் பாதுகாப்புக்காக ஆலை மீட்டெடுத்திருக்கிறது.

அந்த ஆலையிலிருந்து கம்பெனி பஸ் ஏறி வீடு திரும்பும் தகப்பன், நோட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டு வந்த மகனைப் பார்த்து என்ன சொல்கிறார்? ‘கவனம் இருந்தா மறக்குமாடா?’ எட்டு மணி நேரம் தட்டும், பலகையும், விளக்கும் அவருடைய கவனத்தைத் தாங்கிப் பிடித்தன. மகனுக்கு ஒரு தட்டு உண்டா? ஒரு பலகை உண்டா? ஸ்பிரிங்கை மறக்கும் தொழிலாளிக்குக் காட்டும் பரிவை, நோட்டை மறக்கும் பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா? மகனுக்கு வேண்டியதும் அதே ஏற்பாடுதான்: வாசலருகே ஓர் ஆணி, அதில் ஐ.டி. கார்டும் சாவியும், இரவே பையைக் கட்டி வாசலில் வைக்கும் வழக்கம், சுவரில் ஐந்தே படங்கள் கொண்ட காலைப் பட்டியல், மருந்து, தண்ணீர், டிபன், நோட்டு, பஸ் பாஸ் என்று கையால் தொட்டு வாயால் சொல்லிவிட்டுக் கிளம்புதல்.

இந்தத் தொழிற்பேட்டைகளில் பார்வையை இன்னும் கூர்மையாக்க வேண்டிய மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, தூக்கம். பல ஆலைகளில் ஏ, பி, சி என மூன்று ஷிப்ட். முறை மாறிக்கொண்டே வருகிறது. தூக்கம் கெட்ட எவருக்கும் மறதியும், எரிச்சலும், கவனச் சிதறலும் வரும்; அது ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. அதே நேரம், ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு உடலின் கடிகாரமே பின்தங்கி ஓடுவதால், மாறும் ஷிப்ட் அவர்களை இரட்டிப்பாக வதைக்கிறது. எனவேதான் நல்ல மருத்துவர் அறிகுறிகளைக் கேட்பதற்கு முன் தூக்கத்தைக் கேட்கிறார். சிறு வயதில் எப்படி இருந்தது என்று தாயைக் கேட்கிறார்.

இரண்டாவது, மொழி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகளில் அமர்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி. ஆசிரியர் பேசும் மொழி புரியாத பிள்ளை சன்னலைப் பார்க்காமல் எதைப் பார்க்கும்? அந்தப் பார்வையைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுவது பெரும் பிழை. அந்தப் பிள்ளை சொல்வது ‘தெரியவில்லை’ என்ற முதற்சொல். இரு மொழிகள் கற்பதால் ஏ.டி.எச்.டி. வருவதில்லை, ஆனால் மொழி புரியாமையும், காது கேளாமையும், கற்றல் குறைபாடும் அதன் வேடத்தில் வந்து நிற்கக்கூடும், அதனுடன் சேர்ந்தும் வரக்கூடும். பிள்ளை தன் தாய்மொழியில் கதை கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

மூன்றாவது, பெண்கள். ஓடுகிற பையன் எல்லோர் கண்ணிலும் படுகிறான். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் கனவு காணும் பெண் பிள்ளை ‘அமைதியானவள்’ என்ற நற்பெயரோடு வகுப்பைக் கடந்துவிடுகிறாள். வீட்டில் அம்மா எழுப்பி, அம்மா நினைவூட்டி, அம்மா தேடிக் கொடுத்த வரையில் எல்லாம் நடந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஊரை விட்டு ஹாஸ்டலுக்கு வந்து, அலாரமும் சம்பளமும் சாவியும் தன் பொறுப்பு ஆனதும் எல்லாம் ஒரே நேரத்தில் சரிகிறது. அவள் கெட்டுப்போகவில்லை. இதுவரை அவளுக்கு வெளியிலிருந்து ஒலித்த குரல் ஊரிலேயே நின்றுவிட்டது. வார்டனும் லைன் லீடரும் இதை அறிந்திருந்தால் ‘பொறுப்பில்லாதவள்’ என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் நிதானிப்பார்கள்.

மருத்துவம் உண்டா? உண்டு. 1937இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, ஊக்க மருந்து ஒன்று துறுதுறுப்பான பிள்ளைகளை அமைதியாகப் பாடத்தில் ஈடுபட வைத்ததைக் கண்டு எழுதினார். 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டு 1954இல் விற்பனைக்கு வந்த மெத்தில்பெனிடேட் இன்றளவும் முதன்மை மருந்துகளில் ஒன்று. இந்தியாவில் அது சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மருத்துவர் சீட்டின்றி வாங்கவும் கூடாது, பிறர் மாத்திரையை வாங்கிப் போடவும் கூடாது. அடோமாக்ஸ்டின் என்ற மாற்று மருந்தும் உண்டு. மருந்து பலருக்குப் பெரும் உதவி செய்கிறது; ஆனால் மருந்து கயிற்றை வலுப்படுத்தும், கயிறு பிடிக்கும் பழக்கத்தை வீடும் பள்ளியும்தான் கற்றுத்தர வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் மருத்துவம். உடனே பாராட்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, முன் பெஞ்சில் இடம், எழுந்து நடக்க ஒரு வேலை: இவற்றுக்குச் செலவில்லை.

எங்கே போவது? காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் இங்கிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கற்றல் குறைபாடு அதில் இடம்பெற்றது, ஏ.டி.எச்.டி. தனியே இடம்பெறவில்லை. அந்த விடுபடலைக் களைய வேண்டும் என்ற கோரிக்கை தொழிற்சங்க மேடைகளிலும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிலும் எழ வேண்டும்.

இறுதியாக, இந்த ஊரின் பெரும் பிள்ளையை நினைவுகூர்வது பொருந்தும். 1017இல் இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் இராமானுசர். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் கேட்கப் பதினெட்டு முறை நடந்தார் என்றும், கேட்டதைத் தமக்குள் பூட்டி வைக்காமல் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார் என்றும் வைணவ மரபு போற்றுகிறது. ஏ.டி.எச்.டி. பற்றிய அறிவு இன்று ஆங்கிலப் புத்தகங்களிலும், பெருநகரத்துச் சில மருத்துவ அறைகளிலும் பூட்டிக் கிடக்கிறது. அதைத் தமிழில், எளிய தமிழில், பஸ் நிறுத்தத்திலும் கேன்டீனிலும் வகுப்பறையிலும் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ‘முட்டாள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பிசகு’ என்ற சொல்லை வைக்க வேண்டும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளை மறந்துவிட்ட ஏதோ ஒன்று கண்ணில் படும். அப்போது ‘ஏண்டா செய்ய மாட்டேங்கிற?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்துல முடியாமப் போச்சு கண்ணு?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.